மியூனிக் பிள்ளைகளும் கன்னங்குறிச்சி விடுமுறையும்

ஆகஸ்டில் சேலத்துக்கு வந்தால் மாம்பழம் கிடைக்காது. மல்கோவா, இமாம்பசந்த், குண்டு எல்லாம் ஏப்ரலில் இறங்கி ஜூனோடு, மிஞ்சினால் ஜூலை முதல் வாரத்தோடு முடிந்துவிடும். எங்கள் பிள்ளைகள் படிக்கும் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் கோடை விடுமுறை விடுவதே ஜூலைக் கடைசியில் அல்லது ஆகஸ்ட் தொடக்கத்தில்தான். அதனால் பெரியவளுக்கு வெகுநாள் வரை சேலத்து மாம்பழம் என்பது அம்மாயி வீடியோ காலில் காட்டும் பொருளாக மட்டுமே இருந்தது. வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பது பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் பண்பாடு, வேர், அடையாளம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதில் பாதியைப் பள்ளிக் காலண்டரே தீர்மானித்துவிடுகிறது என்பேன்.

நான் கன்னங்குறிச்சி, கணவர் அம்மாப்பேட்டை. வேலை நிமித்தம் மியூனிக் பக்கம் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மகளும் மகனும் அங்கேயே பிறந்தவர்கள். ஓய்வுபெற்ற பிறகு அப்பா ஏற்காட்டில் என் தாத்தா காலத்துக் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். தோட்டம் என்றால் பெரிதாகத் தோன்றும். அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம்.

ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்கு வருவது சட்டப்படி கட்டாயம். நம் ஊரில் போல ‘மாமா கல்யாணம்’ என்று எழுதிக் கொடுத்து நாலு நாள் லீவு போட முடியாது. நெருங்கிய உறவில் கல்யாணம், சாவு என்றால் தலைமையாசிரியருக்கு எழுதி அனுமதி வாங்கலாம், அதுவும் ஓரிரு நாள். டிக்கெட் விலை குறைவாக இருக்கிறதென்று விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பே கிளம்பினால் பவேரியாவில் 1000 யூரோ வரை அபராதம் போட இடமிருக்கிறது. விடுமுறைக்கு முந்தைய நாள்களில் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு விமான நிலையத்துக்கு வந்த குடும்பங்களைப் போலீஸ் விசாரித்ததும் உண்டு.

ஆகவே நாங்கள் செய்வது, பள்ளிக் காலண்டரை உறவுக்காரர்களுக்கு அனுப்பிவிடுவது. விடுமுறைத் தேதிகளை அங்கே பல வருடம் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். ஆறு வாரக் கோடை விடுமுறையில் கிட்டத்தட்ட பாதி ஆடியில் கழிந்துவிடும். அந்த மாதத்தில் யாரும் விசேஷம் வைக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 17 வாக்கில் ஆவணி பிறக்கும். அதிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை வரும் முகூர்த்தங்கள்தான் எங்களுக்குத் தோது. நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கும் முன்பே, “உங்க ஸ்கூல் எப்பத் தொறக்கறாங்க?” என்று போன் வந்தது. கேட்காமல் இருந்தால் யாரும் நமக்காகத் தேதி பார்க்க மாட்டார்கள். கேட்டால் பெரும்பாலும் பார்க்கிறார்கள்.

ஆடியில் விசேஷம் இல்லையே தவிர பண்டிகை உண்டு. சேலத்து மாரியம்மன் பண்டிகை எங்கள் பிள்ளைகளுக்கு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது. குகை வண்டி வேடிக்கையில் ஆட்கள் சாமி வேஷம் கட்டி அலங்கார வண்டிகளில் வருவதைப் பார்த்தவன் சின்னவன். தீபாவளிக்கு நாங்கள் அங்கே எத்தனை விளக்கு ஏற்றினாலும் அவன் கணக்கில் அது சேராது.

வைகாசி வாக்கில் பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவப் பண்டிகையை ஒட்டி இரண்டு வாரம் விடுமுறை வரும். ஜெர்மனியின் எல்லா மாநிலங்களிலும் இது இரண்டு வாரம் கிடையாது, எங்களுக்கு வாய்த்தது. ஒரு வருடம் கோடைப் பயணத்தை விட்டுவிட்டு அதில் வந்தோம். மாம்பழத்துக்காகத்தான் போகிறோம் என்று கணவர் சொன்னதை அவர் அலுவலகத்தில் யாரும் நம்பவில்லை.

காதுகுத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். விளையாட்டு வகுப்பில் தோடு, வளையல், கொலுசு எதுவும் இருக்கக் கூடாது. கழற்ற முடியாத தோடு என்றால் மேலே பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். குத்திய காது ஆற ஆறு வாரமாவது வேண்டும். அதற்குள் கழற்றினால் துளை அடைத்துவிடும். எனவே விடுமுறையின் முதல் வாரத்திலேயே குத்திவிட வேண்டும். ஆனால் அது ஆடி! “ஆடியில காது குத்தறதா?” என்று மாமியார் ஒரே பிடியாக நின்றார். கடைசியில் குலதெய்வக் கோயில் பூசாரியிடமே கேட்டோம். “அம்மன் சன்னதியில குத்தறதுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன?” என்றார் அவர். மாமியார் அதற்கு மேல் பேசவில்லை. பள்ளி திறக்கும்போது காது ஆறியிருந்தது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளை நம் வீடுகளில் நடத்தும் விதம் இருக்கிறதே, அது பாசம்தான், ஆனால் பிள்ளையை ஊரோடு ஒட்டவிடாது. பெங்களூர் ஏர்போர்ட்டிலிருந்து ஏசி கார். வீட்டில் ஏசி அறை. கேன் தண்ணீர். பார்க்க வருகிற ஆளெல்லாம் சாக்லேட் பெட்டி. “நீ தொடாத சாமி, கை அழுக்காயிரும்” என்று எல்லாவற்றையும் கையிலிருந்து பிடுங்கிவிடுவது. இப்படி மூன்று வாரம் உட்கார்ந்திருந்தால் எந்தப் பிள்ளையும் டேப்லெட்டைத்தான் தேடும். விருந்தாளிக்கு எந்த ஊரிலும் கொஞ்ச நாளில் சலித்துவிடும். பிள்ளைக்கு இங்கே ஒரு வேலை வேண்டும், அதைச் செய்யாவிட்டால் திட்டுகிற ஒரு ஆளும் வேண்டும்.

எங்கள் வீட்டில் அதைத் தொடங்கியவர் அம்மா. சாயங்காலமானால் எங்கள் தெருமுனைக்குத் தட்டுவடை செட்டு வண்டி வரும். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: ஒரு சின்னத் தட்டுவடை மேல் இரண்டு விதச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து மூடித் தருவார்கள். அம்மா ஒரு டப்பாவையும் பணத்தையும் சின்னவன் கையில் கொடுத்து, “நாலு செட்டு. ரெண்டுல காரம் கம்மி. எனக்கு வெங்காயம் வேண்டாம்” என்று அனுப்பினார். நான் கூடப் போக எழுந்தேன். “நீ உக்காரு” என்றார்.

மாடியிலிருந்து பார்த்தேன். வண்டிக்காரர் கை நிற்காது, கேள்வியும் நிற்காது. “எத்தன? பார்சலா? காரமா?” இவன் மூன்று கேள்விக்கும் “ஆமா” என்றான். நாலும் காரமாக வந்தன, நாலிலும் வெங்காயம். அம்மா ஒன்றும் சொல்லாமல் வெங்காயத்தைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிட்டார். மறுநாளும் அவனையே அனுப்பினார். அடுத்த வாரம் அவனாகவே வண்டிக்காரரிடம், “அண்ணா, நேத்து சட்னி பத்தல” என்று குறை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டான். எத்தனை பாடப் புத்தகம் வாங்கிக் கொடுத்தும் வராத தமிழ் அது.

கிறிஸ்துமஸ் விடுமுறை இரண்டு வாரம் ஏற்காட்டில் காப்பிப் பழம் எடுக்கும் காலத்தில் வருகிறது. டிசம்பரில் மலை மேல் குளிரும், ஆனால் மியூனிக்கிலிருந்து வந்தவர்களுக்கு அது குளிரே இல்லை. பிள்ளைகள் அரைக்கை சட்டையோடு திரிவதைப் பார்த்துத் தோட்டத்துப் பெண்கள் என்னைத் திட்டுவார்கள். அப்பா இவர்கள் இடுப்பில் ஆளுக்கொரு பை கட்டிவிட்டு நிரையில் நிறுத்தினார். சிவந்த பழத்தை மட்டும் எடுக்க வேண்டும். காம்போடு பிய்க்காமல் திருகி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கணு கெட்டுவிடும் என்பார். முசுறு எறும்பு கடித்தால் உதறிவிட்டு அடுத்த செடிக்குப் போக வேண்டியதுதான். மதியம் பழத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் சொத்தையெல்லாம் மிதக்கும். அதை அள்ளி எடுப்பது சின்னவன் வேலை.

சாயங்காலம் தராசு. அப்பா தன் நோட்டில் ஆட்களின் பெயருக்குக் கீழே இவர்கள் பெயரையும் எழுதி, எடை போட்டு, பச்சைக் காயைப் பொறுக்கி எடுத்து அந்த எடையைக் கழித்தார். பெரியவள் அழாத குறையாக வாதாடினாள். “எல்லாருக்கும் ஒரே கணக்குதான்” என்றார் அப்பா. கூலியை ஒரு ரூபாய் கூட்டிக் கொடுக்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் அடுத்த நாள் அவள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து பையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

இந்த மலையில் நமக்கு முன்பே இதே கவலையோடு பிள்ளை வளர்த்த வெளிநாட்டுக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இங்கே காப்பியைக் கொண்டுவந்தவர். பின்னால் வந்த எஸ்டேட் துரைமார்கள் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கப்பலேற்றி இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்புவார்கள், இல்லையென்றால் மலை மேலேயே விடுதியில் சேர்ப்பார்கள். ஏற்காடு இன்றும் விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போன ஊர். மாண்ட்ஃபோர்ட் 1917-இல் தொடங்கியது. இப்போது அந்த விடுதிகளைப் பற்றி விசாரிப்பவர்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஆட்கள். பிள்ளை மட்டும் ஊரில், பெற்றோர் வெளியூரில். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கட்டாயம் இருந்தால் வேறு விஷயம்.

மொழிக்கு வருவோம். வீட்டில் நாங்கள் இருவரும் தமிழ்தான் பேசுகிறோம். ஜெர்மன் சொல்லித்தர முயன்றதே இல்லை. எங்கள் உச்சரிப்பில் கற்றுக்கொள்வதை விட மழலையர் பள்ளியில் கற்றுக்கொள்வது மேல் என்று அங்குள்ள ஆசிரியைகளே சொன்னார்கள். வீட்டில் வீட்டு மொழியைப் பேசுங்கள் என்பதுதான் அவர்கள் எல்லோருடைய அறிவுரையும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளை ஜெர்மனியில் பெரும்பாலும் ஈழத் தமிழர்கள் நடத்துகிறார்கள். 1980களில் அகதிகளாக வந்தவர்கள் வேலைக்கு நடுவே கட்டியெழுப்பியவை. அவர்களின் ஒழுங்கைப் பார்த்தால் நமக்கு வெட்கமாக இருக்கும். பக்கத்தில் அப்படி எதுவும் இல்லாதவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகப் பாடங்கள் இருக்கின்றன.

தமிழ்ப் பள்ளிக்குப் போய்ப் பெரியவளின் தமிழில் யாழ்ப்பாண வாடை அடித்தது. சேலத்தில் சித்திமார்கள் சிரித்தார்கள், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிச் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் நான் வீட்டில் எல்லோரிடமும் நேராகவே சொல்லிவிட்டேன்: இவள் எப்படிப் பேசினாலும் சிரிக்கக் கூடாது, திருத்தவும் கூடாது. திருத்துவதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊருக்கு வருபவர்கள் வந்த முதல் நாளே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

ஜெர்மனியில் இருப்பதில் ஒரு எதிர்பாராத லாபம். அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகளிடம் இங்குள்ள மாமா பிள்ளைகள் உடனே இங்கிலீஷில் பேச ஆரம்பித்துவிடுவார்கள், தமிழ் அன்றோடு போயிற்று. எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இங்கிலீஷ் தொடங்கியதே மூன்றாம் வகுப்பில்தான். கான்வென்ட்டில் படிக்கும் மாமா பிள்ளைகள் பேசும் இங்கிலீஷுக்கு இவர்களால் ஈடுகொடுக்க முடியாது. வேறு வழியில்லாமல் கிரிக்கெட் சண்டையெல்லாம் தமிழிலேயே நடக்கிறது.

வீடியோ காலுக்கும் ஒரு யோசனை. “சாப்ட்டியா, படிக்கிறியா” இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும், அப்புறம் பிள்ளை நெளியும். நாங்கள் போனை அடுப்படியில் டப்பா மேல் சாய்த்து வைத்துவிடுவோம். கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் வித்தியாசம். அங்கே பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதும்போது இங்கே அம்மா ராத்திரி தோசைக்குச் சட்னி அரைப்பார். யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. நடுவில் ஏதாவது தோன்றினால் பேசிக்கொள்வார்கள்.

படிப்பில் நம்மவர்கள் தடுமாறுவது நாலாம் வகுப்பில். பெரியவள் கணக்கில் ஒன்று வாங்கினாள் என்று சொன்னபோது அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பரவால்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றார். அங்கே ஒன்றுதான் உச்சம், ஆறு என்றால் மோசம். பவேரியாவில் ஜெர்மன், கணக்கு, சூழல் பாடம் மூன்றிலும் நாலாம் வகுப்பில் வாங்கும் மதிப்பெண்ணின் சராசரி 2.33 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால்தான் நேரடியாகப் பல்கலைக்கழகப் பாதையான ஜிம்னாசியும் பள்ளிக்குப் போகலாம். பத்து வயதில் இது! ட்யூஷன் வைத்து நாலாம் வகுப்பில் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தால் நேரம் தாண்டிவிட்டிருக்கும். மூன்றில் இரண்டு பாடங்களுக்கு ஜெர்மன் வாசிப்புதான் அடிப்படை. கணக்கிலும் கதைக் கணக்கு உண்டு. முதல் இரண்டு வகுப்பிலேயே நூலக அட்டை வாங்கி வாராவாரம் புத்தகம் எடுக்க வைத்ததுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. பெற்றோர் கூட்டத்துக்கு உடைந்த ஜெர்மனோடாவது போய் உட்காருங்கள். கேக் விற்கும் மேசையில் நிற்க ஆள் கேட்டால் கை தூக்குங்கள். அங்கேயும் விருந்தாளியாக இருக்கக் கூடாது. அப்புறம், ஜிம்னாசியும் கிடைக்காவிட்டால் வாழ்க்கை முடியவில்லை. மற்றப் பள்ளிகளில் படித்தும் உயர்படிப்புக்குப் போகப் பாதை உண்டு. இதைச் சேலத்துத் தாத்தாக்களுக்குப் புரியவைப்பதுதான் கடினம்.

இன்னொன்று. ஜெர்மனியில் பிள்ளையை அடிப்பது 2000-ஆம் ஆண்டிலிருந்து சட்டப்படி தடை. பெற்றோருக்கும் சேர்த்துத்தான். பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும், தாத்தாவிடமே சொல்வார்கள். “ஒரு தட்டுத் தட்டினா சரியாயிரும்” என்னும் பெரியப்பாவை முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்.

காகித வேலை சலிப்பானது, ஆனால் இதில் தவறினால் பிள்ளை வளர்ப்பே நின்றுவிடும். ஜெர்மனியில் பிறந்ததாலேயே குடியுரிமை வராது. பெற்றோரில் ஒருவராவது ஐந்து வருடம் (2024 ஜூன் 27-க்கு முன் எட்டு வருடம்) சட்டப்படி வசித்து, நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் குழந்தை இந்தியக் குடிமகன். ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும், ஆறு மாதத்துக்குள் அங்கே வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிரசவக் களைப்பில் இரண்டுமே மறந்துபோகும். வீட்டில் வேறு யாராவது தேதியைக் குறித்து வையுங்கள். நம் வழக்கப்படி என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர், பிள்ளைகளுக்கு அவர்கள் அப்பா பெயர். தனியாகப் பிள்ளைகளோடு பயணம் போனால் ‘இவர்கள் உங்கள் பிள்ளைகளா?’ என்ற கேள்வி வரும். பிறப்புச் சான்றிதழ் நகலும் கணவரின் சம்மதக் கடிதமும் எப்போதும் என் கைப்பையில் இருக்கும்.

பிள்ளைகள் பின்னால் ஜெர்மன் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைதான். அதில் வந்துபோக விசா வேண்டாம், ஆனால் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. அப்பா ஒரு நாள், தோட்டத்தைப் பேரப்பிள்ளைகள் பெயருக்கு இப்போதே எழுதிவைத்துவிடலாமா என்றார். காப்பித் தோட்டத்தை ஓசிஐக்காரர்களுக்குத் தானமாகக் கொடுக்க முடியாது. ஆனால் வாரிசாகப் பெறலாம். ஆகவே தானப் பத்திரம் இல்லை, உயில். வக்கீலைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அம்மாவை அங்கே கூட்டிப்போவது பற்றியும் பலர் கேட்கிறார்கள். சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள் இருக்கலாம். குறைந்தது 30,000 யூரோ ஈடு தரும் மருத்துவக் காப்பீடு வேண்டும். பழைய சர்க்கரை, பிரஷர் போன்றவை அதில் பெரும்பாலும் சேராது, எனவே மூன்று மாத மாத்திரையைச் சீட்டோடு கொண்டுவர வேண்டும். நவம்பரில் அழைக்காதீர்கள். நாலரை மணிக்கு இருட்டிவிடும், அவர்களுக்கு ஜன்னல்தான் துணை. ஏப்ரல் கடைசியில் வந்தால் விளையாட்டுத் திடலில் ஆள் இருக்கும். அம்மா வந்தபோது சின்னவனை மழலையர் பள்ளியிலிருந்து கூட்டி வருவதை அவர் பொறுப்பில் விட்டோம். பள்ளியில் எழுத்து மூலம் அவர் பெயரைக் கொடுத்து, அடையாள அட்டை காட்டினால்தான் பிள்ளையை அனுப்புவார்கள். முதல் நாள் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் அவர் வாசலில் தலை காட்டியதுமே ஆசிரியை உள்ளே திரும்பிச் சின்னவனைக் கூப்பிட்டுவிடுவார், வரும் வழியில் கடைக்காரம்மாவிடம் ரொட்டி வாங்குவது எப்படி என்று அவன் தன் அம்மாயிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.